விபத்து நேரத்தில் கைவிடாத டாஷ்கேம்: கார், லாரிக்குத் தேர்ந்தெடுத்துப் பொருத்தும் முழுமையான வழிகாட்டி

டாஷ்கேம் (வண்டிக் கண்ணாடியில் மாட்டிச் சாலையைப் பதிந்துகொண்டே இருக்கும் கேமரா) வைத்திருப்பவர்கள் ஏமாந்து நிற்பது பெரும்பாலும் படம் மங்கலாக இருந்ததால் அல்ல, படமே இல்லாததால். இடித்துவிட்டுப் போன வண்டியைப் பார்க்கலாம் என்று கார்டை உருவினால், கடைசிக் கோப்பு மூன்று வாரம் பழையது. கேமராவின் விளக்கு என்னவோ தினமும் எரிந்துகொண்டுதான் இருந்தது. இன்னொரு வகை இதைவிடக் கொடுமை: எல்லாக் கோப்பும் இருக்கிறது, மோதல் நடந்த அந்த ஒன்று மட்டும் திறக்க மறுக்கிறது.

2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே விண்கல் வெடித்த காட்சியை உலகம் பார்த்தது, அங்கே சாலையில் போய்க்கொண்டிருந்த கார்களின் டாஷ்கேம்கள் வழியாகத்தான். இன்றைய கணக்கில் அவற்றின் தெளிவு ரொம்பச் சாதாரணம். ஆனால் அந்த நொடியில் அவை ஓடிக்கொண்டிருந்தன.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிடுவது 4கே என்ற படத் தெளிவை. கேமராவைச் சாகடிப்பது வெயிலும், மெமரி கார்டும், மின்சாரமும். தேர்வு செய்யும் வரிசையும் அதற்கேற்ப இருக்க வேண்டும். அதனால் இங்கே படத் தெளிவு முதலில் வரவில்லை.

படி 1: உள்ளே இருப்பது பேட்டரியா, கெபாசிட்டரா?

டாஷ்கேம் ஓடுவது வண்டியின் மின்சாரத்தில். அப்படியானால் அதற்குள் தனியாக ஒரு சேமிப்பு எதற்கு? இன்ஜினை அணைத்ததும், அல்லது மோதலில் ஒயர் அறுந்ததும், எழுதிக்கொண்டிருக்கும் கோப்பை ஒழுங்காக மூடிவிட்டு அணைய சில நொடி தேவை. எம்பி4 என்ற காணொளிக் கோப்பில் காட்சிகள் எங்கெங்கே இருக்கின்றன என்ற அட்டவணை பெரும்பாலும் கடைசியில்தான் எழுதப்படும். அது எழுதப்படாமல் மின்சாரம் போனால் மொத்தக் கோப்பும் திறக்காது. மோதல் நடந்த கோப்பு மட்டும் கெட்டுப்போவதன் ரகசியம் இதுதான்.

இந்தச் சேமிப்பு லித்தியம் பேட்டரியாக இருந்தால் வெயிலில் நிறுத்திய காருக்குள் அது நீண்ட நாள் தாங்காது. கண்ணாடி ஏற்றிய காரில் உள்காற்றே 60 டிகிரி செல்சியஸைத் தொடும். முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பெட்டி இன்னும் சூடாகும். பேட்டரி உப்பும். பின்மூடி விரியும், திரை லேசாகத் தூக்கும், பட்டன்கள் இறுகும். அந்த நிலையில் இருக்கும் கேமராவை அன்றைக்கே கழற்றிவிட வேண்டும்; அது தீப்பிடிக்கக்கூடிய பொருள்.

பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர் என்ற மின்தேக்கி உள்ள கேமராவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது சில நொடிக்கான மின்சாரத்தை மட்டுமே வைத்திருக்கும். கோப்பை மூட அது போதும். விவரப் பட்டியலில் இரண்டு விஷயம் தேடுங்கள்: கெபாசிட்டர் என்ற சொல், இயங்கும் வெப்பநிலை குறைந்தது 65, முடிந்தால் 70 டிகிரி வரை. சேமித்து வைக்கும் வெப்பநிலை என்று தனியாக ஓர் எண் இருக்கும். அது எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும், அதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

பட்டியலில் எதுவும் எழுதவில்லை என்றால் பேட்டரி என்றே வைத்துக்கொள்ளலாம். கெபாசிட்டர் போட்டவர்கள் அதைச் சொல்லாமல் விடுவதில்லை.

படி 2: மெமரி கார்டு, உண்மையில் பாதிக் கேமரா

கேமரா நிற்காமல் எழுதும், இடம் தீர்ந்ததும் பழையதை அழித்து அதன் மேலேயே எழுதும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் கார்டு படும் பாடு புரியும். முன்பக்கக் கேமரா எழுதுவது 30 எம்பிபிஎஸ் (நொடிக்கு 30 மெகாபிட்), பின்பக்கம் 16, மொத்தம் 46 எம்பிபிஎஸ். எட்டால் வகுத்தால் நொடிக்கு 5.75 எம்பி. மணிக்குச் சுமார் 20.7 ஜிபி. ஒரு 128 ஜிபி கார்டில் ஆறு மணி நேரம்தான் நிற்கும். தினம் பத்து மணி நேரம் ஓடும் லாரியில் அந்தக் கார்டு ஒரு நாளைக்கு ஒன்றரை தடவைக்கு மேல் முழுதாக அழிந்து எழுதப்படுகிறது. வருடத்துக்கு 500 தடவையைத் தாண்டும். போனில் போடும் சாதாரணக் கார்டு இப்படிப்பட்ட வேலைக்குச் செய்யப்பட்டதல்ல. அது சொல்லாமல் கொள்ளாமல் படிக்க மட்டும் முடியும் நிலைக்குப் போய்விடும். அப்போது கேமராவின் விளக்கு எரியும், ஆனால் எதுவும் எழுதப்படாது. முதலில் சொன்ன மூன்று வாரப் பழைய கோப்பு இப்படித்தான் வருகிறது.

வாங்க வேண்டியது ‘ஹை எண்டூரன்ஸ்’ அல்லது ‘மேக்ஸ் எண்டூரன்ஸ்’ வகை. சாம்சங், சான்டிஸ்க் உட்படப் பல நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. மேலே யு3 அல்லது வி30 குறியீடு இருக்க வேண்டும்; நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்பது அதன் பொருள். பெட்டியில் போட்டிருக்கும் ‘இத்தனை ஆயிரம் மணி நேரம்’ என்பது பெரும்பாலும் ஃபுல் எச்டி பதிவுக்கான கணக்கு. இரண்டு கேமரா 4கேயில் ஓடினால் அது பாதியாகவோ அதற்கும் கீழேயோ இறங்கும்.

அளவு பெரிதாக இருந்தால் ஆயுளும் கூடும், ஒவ்வொரு பகுதியும் அழிந்து எழுதப்படும் தடவை குறைவதால். ஆனால் கேமரா அதிகபட்சம் எத்தனை ஜிபி ஏற்கும் என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

போலிக் கார்டுகள் தனிக் கதை. 32 ஜிபி சில்லை வைத்துக்கொண்டு 256 என்று கணினியிடம் பொய் சொல்லும். முதல் நாள் நன்றாக ஓடும், 32-ஐத் தாண்டியதும் கோப்புகள் பாழாகும். கார்டு வந்தவுடன் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் முழுக் கார்டையும் எழுதிப் படித்துப் பார்த்துச் சொல்லிவிடும். சில மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

பிறகு கார்டை ஃபார்மேட் செய்வது கேமராவுக்குள்ளேயே நடக்க வேண்டும், கணினியில் அல்ல. அதே போல மாதம் ஒரு முறை கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். அதற்கு முன் வேண்டிய கோப்புகளை எடுத்துவிடுங்கள்.

படி 3: எத்தனை கேமரா?

முன்பக்கம் மட்டும் போதும் என்று வாங்கியவர்கள், பின்னாலிருந்து இடி வாங்கியதும் மாற்றிக்கொள்கிறார்கள். சொந்தக் காருக்கு முன், பின் இரண்டு போதும். வாடகைக் கார் என்றால் உள்பக்கமும் வேண்டும். அந்த உள்கேமராவுக்கு இன்ஃப்ராரெட் எல்இடி இருந்தால்தான் இரவில் முகம் தெரியும். முன், உள், பின் மூன்றையும் ஒரே கருவியில் போட்டால் உள்ளே இருக்கும் புராசசரின் திறனும் பிட்ரேட்டும் (நொடிக்கு எழுதும் தரவின் அளவு) மூன்றாகப் பிரியும். மூன்று சேனல் கருவிகளில் முன்பக்கத் தெளிவு குறைந்திருப்பது அதனால்தான். லாரிக்குக் கணக்கே வேறு, கீழே தனியாக வருகிறது.

படி 4: நம்பர் பிளேட் தெரியுமா?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. பதிலைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 3840 பிக்சல் அகலமுள்ள 4கே படம், லென்ஸின் கிடைமட்டப் பார்வை 120 டிகிரி. ஆக ஒரு டிகிரிக்கு 32 பிக்சல். 50 செ.மீ. அகலமுள்ள நம்பர் பிளேட் 10 மீட்டர் தூரத்தில் இருந்தால் அது பிடிக்கும் கோணம் சுமார் 2.9 டிகிரி, அதாவது 92 பிக்சல். பத்து எழுத்து என்றால் எழுத்துக்கு 9 பிக்சல். படிக்கலாம். இதையே 1920 பிக்சல் அகலமுள்ள ஃபுல் எச்டியில் போட்டால் எழுத்துக்கு நாலரை பிக்சல். 3-ஐயும் 8-ஐயும் பிரித்தறிவது அதிர்ஷ்டம். ஃபுல் எச்டி கேமராவில் பிளேட் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றால் ஐந்து மீட்டருக்குள் வர வேண்டும்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறது. 170 டிகிரி என்று பெருமையாக விற்கும் லென்ஸ் அதே பிக்சல்களை இன்னும் அகலமாகப் பரப்புகிறது. பிளேட் சிறுக்கும். விவரப் பட்டியலில் தரும் கோணம் மூலைக்கு மூலை எடுத்தது. அது 130 முதல் 145 வரை இருந்தால் சரி. அதற்கு மேல் போனால் ஓரங்கள் வளைந்து, எதிரே வரும் வண்டி உண்மையைவிடத் தூரத்தில் இருப்பது போலத் தெரியும்.

4கே என்று எழுதியிருப்பதெல்லாம் 4கே இல்லை. உண்மையான 4கேக்கு 80 லட்சத்துக்கும் அதிகமான பிக்சல் உள்ள சென்சார் (படம்பிடிக்கும் சில்லு) வேண்டும். சோனியின் ஐஎம்எக்ஸ்415, ஸ்டார்விஸ் 2 வரிசையின் ஐஎம்எக்ஸ்678 இரண்டும் அப்படிப்பட்டவை. ஐஎம்எக்ஸ்335 என்பது 50 லட்சம் பிக்சல். நல்ல சென்சார்தான், ஆனால் அதை வைத்துக்கொண்டு 4கே என்றால் சிறிய படத்தை ஊதிப் பெரிதாக்கியிருக்கிறார்கள். சென்சாரின் பெயரையே சொல்லாத கேமராவை ஒதுக்கிவிடலாம்.

அடுத்தது பிட்ரேட். 15 எம்பிபிஎஸ்ஸில் பிழிந்தெடுத்த 4கேயைவிட, 25 எம்பிபிஎஸ்ஸில் பதிந்த 1440பி (ஃபுல் எச்டிக்கும் 4கேக்கும் இடைப்பட்ட தெளிவு) மேல். ஓடும் சாலையில் மரம், இலை, தார் எல்லாமே ஒவ்வொரு ஃபிரேமிலும் (காணொளியின் ஒவ்வொரு தனிப் படத்திலும்) மாறுவதால் குறைந்த பிட்ரேட்டில் படம் கட்டம் கட்டமாகச் சிதையும். முதலில் கரைந்து போவது பிளேட்டின் எழுத்துகள்தான். மாதிரிக் காணொளியின் அசல் கோப்பு கிடைத்தால் அதன் அளவை எம்பியில் எடுத்து, எட்டால் பெருக்கி, நொடிகளால் வகுத்தால் பிட்ரேட் வந்துவிடும். எச்.265 என்ற சுருக்கும் முறையில் பதியும் கேமராவுக்குப் பழைய எச்.264-ஐவிடக் குறைந்த பிட்ரேட் போதும், ஆனால் பழைய கணினியில் அந்தக் கோப்பு திக்கித் திணறி ஓடும்.

படி 5: இரவு

இரவில் பிளேட் தெரியாமல் போவதற்குப் பிக்சல் குறைவு காரணமல்ல. வெளிச்சம் போதாமல் கேமரா ஒவ்வொரு ஃபிரேமுக்கும் நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் குறுக்கே போகும் வண்டி அந்த நேரத்தில் 55 செ.மீ. நகர்ந்துவிடும். பிளேட்டின் முழு நீளத்தைவிட அதிகம்! எந்த 4கேயும் இதைத் திருத்தாது. உதவக்கூடியவை பெரிய சென்சாரும் அகலத் திறப்புள்ள லென்ஸும்தான்: எஃப் 1.6 லென்ஸ், எஃப் 2.0 லென்ஸைவிட ஒன்றரை மடங்கு வெளிச்சம் உள்ளே விடும். எச்டிஆர் (அதிக வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரே படத்தில் சமன்செய்யும் வசதி) இருந்தால் நம் ஹெட்லைட் பட்டுப் பளீரென்று வெளுத்துப் போகும் பிளேட் ஓரளவு மீளும். இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். இரவில் பிளேட் எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிடுவதே உறுதியான வழி, மைக் பதிந்துகொள்ளும்.

கண்ணாடியில் டாஷ்போர்டின் பிரதிபலிப்பு விழுவதைத் தடுக்க சிபிஎல் வடிகட்டி விற்கிறார்கள். பகலில் அருமை. ஆனால் வரும் வெளிச்சத்தில் பாதிக்கு மேல் அது தின்றுவிடும், இரவு ஓட்டம் அதிகம் என்றால் கழற்றிவிடுங்கள்.

எல்இடி சிக்னல் விளக்கு பதிவில் அணைந்தே இருப்பது போலத் தெரிவதும் உண்டு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். கேமரா நொடிக்கு 25 ஃபிரேமில் ஓடினால் ஒவ்வொரு ஃபிரேமும் துடிப்பின் ஒரே கட்டத்தில் விழுந்து, சிவப்பும் இல்லாமல் பச்சையும் இல்லாமல் வெறும் கறுப்பு வட்டம் பதிவாகும். அங்கே 30 ஃபிரேம் வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் மின்சாரமுள்ள இடத்தில் 30-க்குப் பதில் 25, அல்லது சில கேமராக்கள் தரும் 27.5.

படி 6: மின் இணைப்பும் பார்க்கிங் பதிவும்

ஓடும்போது மட்டும் பதிந்தால் போதும் என்றால் சிகரெட் லைட்டர் சாக்கெட் போதும். டாஷ்போர்டில் இருக்கும் யுஎஸ்பி ஓட்டையில் மட்டும் செருக வேண்டாம். பல வண்டிகளில் அது அரை ஆம்பியர்தான் தரும். பின்கேமராவும் சேர்ந்தால் கேமரா அணைந்து அணைந்து எழும். கூட வந்த அடாப்டரையும் ஒயரையுமே பயன்படுத்துங்கள். மலிவு அடாப்டர் போட்டதும் எஃப்எம் ரேடியோ இரைந்தால், ஜிபிஎஸ் சிக்னல் பிடிக்காமல் போனால், குற்றவாளி அடாப்டர்தான்.

நிறுத்திய வண்டியையும் காவல் காக்க வேண்டுமென்றால் ஃபியூஸ் பெட்டியிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் ஹார்ட்ஒயர் கிட் தேவை. அதில் மூன்று ஒயர்: எப்போதும் மின்சாரம் உள்ள ஃபியூஸுக்கு ஒன்று, சாவி திருப்பினால் மட்டும் வரும் ஃபியூஸுக்கு ஒன்று, பாடிக்கு எர்த் ஒன்று. முதல் இரண்டும் இடம் மாறினால் பார்க்கிங் பதிவு குழம்பிப் போகும். மேலும் ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் கணினி இவற்றின் ஃபியூஸில் கைவைக்கவே கூடாது. பின்வைப்பர், சன்ரூஃப், ஆடியோ, உள்விளக்கு போன்றவை பாதுகாப்பானவை.

ஃபியூஸ் டேப் (ஒரு ஃபியூஸ் இடத்திலிருந்து இன்னொரு இணைப்பும் எடுக்க உதவும் செருகி) செருகுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. பழைய ஃபியூஸைக் கழற்றிவிட்டு, இரண்டு பிளவுகளில் எதில் மின்சாரம் வருகிறது என்று மல்டிமீட்டரால் பாருங்கள். டேப்பில் இரண்டு ஃபியூஸுக்கும் பொதுவான கால் அந்தப் பிளவில் இறங்க வேண்டும். திருப்பிச் செருகினாலும் கேமரா ஓடத்தான் செய்யும், ஆனால் அதன் மின்சாரமும் பழைய ஃபியூஸ் வழியாகவே போய் அதற்குச் சுமை ஏறும். கேமராவின் பக்கம் 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். டேப் வாங்கும் முன் வண்டியில் இருக்கும் ஃபியூஸின் அளவு மினியா, லோ புரொஃபைல் மினியா, மைக்ரோ2வா என்று ஒன்றைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். எர்த் ஒயரைப் பெயிண்ட் இல்லாத வெற்று உலோகத்தில் போல்ட்டுக்கு அடியில் இறுக்குங்கள்; கேமரா காரணமில்லாமல் அணைவதற்குத் தளர்ந்த எர்த் அடிக்கடி காரணம்.

பேட்டரி தாங்குமா? பார்க்கிங்கில் கேமரா 0.3 ஆம்பியர் இழுக்கிறது, வண்டி தானாக 0.05 இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 8.4 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதியைத்தான் செலவழிக்கலாம். இரண்டரை நாள் வரும், அதுவும் காகிதத்தில். மூன்று வருடப் பேட்டரி என்றால் ஒரு நாளே சந்தேகம். கிட்டில் மின்னழுத்தம் குறைந்தால் துண்டிக்கும் வசதி இருக்கும். ஓய்வில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி நிறைந்திருந்தால் 12.6 வோல்ட், 12.2-இல் ஏறக்குறைய பாதி, 11.8-இல் கிட்டத்தட்டக் காலி. எனவே 11.8 என்ற அமைப்பைத் தொட வேண்டாம். 12.2 வையுங்கள், குளிர் அதிகமான இடத்தில் 12.4. தினமும் நாலைந்து கி.மீ. மட்டும் ஓடும் கார் பேட்டரியை மறுபடி நிரப்புவதற்குள் நின்றுவிடும், அப்படிப்பட்டவர்களுக்கு டாஷ்கேமுக்கென்று தனி பேட்டரி வைப்பதே வழி.

பார்க்கிங் பதிவில் மூன்று விதம். அசைவு கண்டால் பதிவது, இடி வாங்கினால் மட்டும் எழுந்து பதிவது, நொடிக்கு ஒரு ஃபிரேம் என்று தொடர்ந்து எடுப்பது. இடிக்குப் பின் எழும் வகை மின்சாரம் மிச்சம் பிடிக்கும், ஆனால் எழுந்து பதியத் தொடங்குவதற்குள் இடித்தவர் கிளம்பியிருப்பார். இடிக்கு முந்தைய சில நொடிகளையும் சேர்த்து வைக்கும் வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

படி 7: லாரி

காருக்கு வாங்கிய டாஷ்கேமை லாரியில் மாட்டினால் என்னென்ன தப்பாகும் என்று பார்த்தாலே தேவை புரிந்துவிடும்.

முதலில் மின்சாரம். கனரக லாரிகள் பெரும்பாலும் 24 வோல்ட், அதாவது இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக. ஓடும்போது 28 வோல்ட்டைத் தாண்டும், கூடவே திடீர் ஏற்றங்களும் வரும். அடாப்டரில் ‘12–24’ என்று மட்டும் எழுதியிருப்பதைவிட 10 முதல் 36 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியிருப்பதை எடுங்கள். 12 வோல்ட் கருவி இருக்கிறதே என்று இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுப்பது பட்டறைகளில் சகஜமாக நடக்கிற தப்பு. அந்தப் பேட்டரி மட்டும் எப்போதும் குறையும், மற்றது அளவுக்கு மேல் நிறையும், கடைசியில் இரண்டும் போகும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போட்டே இணைக்க வேண்டும். துண்டிப்பு அளவையும் இரட்டிப்பாக, 24.4 வோல்ட்டில் வையுங்கள். ஓட்டுநர் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் வழக்கமுள்ள வண்டியில் பார்க்கிங் பதிவு நடக்காது, கேமராவின் கடிகாரமும் நாளடைவில் தவறும். ஜிபிஎஸ் மூலம் தானே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் கேமராவாக இருந்தால் இது பிரச்சினையில்லை. வேகமும் இடமும் பதிவாகும் என்பது கூடுதல் ஆதாயம்.

இரண்டாவது, கண்ணாடி. லாரியின் முன்கண்ணாடி ஏறக்குறைய செங்குத்து. காரின் சாய்ந்த கண்ணாடிக்குச் செய்த தாங்கி அதில் கீழே குனிய மறுத்து வானத்தைப் பார்க்கும். தாங்கி எத்தனை டிகிரி திரும்பும் என்று வாங்கும் முன் பாருங்கள். உயரமான கேபினில் கண்ணாடியின் மேல் விளிம்பில் ஒட்டாமல், வைப்பர் துடைக்கும் பகுதிக்குள் கீழ்ப்பக்க நடுவில் வைத்தால் பம்பருக்கு முன்னால் நிற்கும் ஸ்கூட்டரும் தெரியும்.

மூன்றாவது, அதிர்வு. உறிஞ்சும் கப் தாங்கி லாரிக்கு ஆகாது. அதிர்ச்சியை உணர்ந்து கோப்பைப் பூட்டும் ஜி சென்சாரை ‘அதிகம்’ என்று வைத்தால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு கோப்பு பூட்டப்படும். பூட்டிய கோப்பை லூப் பதிவு அழிக்காது. சில நாளில் கார்டு முழுக்கப் பள்ளங்களின் பதிவு நிறைந்து புதிதாக எழுத இடமில்லாமல் நின்றுவிடும். ‘குறைவு’ வைத்து, ஒரு வாரம் கழித்துப் பூட்டிய கோப்புகளை எண்ணிப் பாருங்கள். கார்களுக்கும் இது பொருந்தும், லாரியில் வேகமாக நடக்கும் என்பதுதான் வித்தியாசம்.

நான்காவது, பின்பக்கம். சரக்குப் பெட்டிக்குப் பின்னால் கண்ணாடி கிடையாது. வெளியில் பொருத்தும் கேமரா வேண்டும். தூசி, தண்ணீர் தாங்கும் தரக் குறியீடு ஐபி67 குறைந்தபட்சம், வண்டியை அழுத்தத் தண்ணீரால் கழுவுவீர்கள் என்றால் ஐபி69கே. ஒயர் பத்து பதினைந்து மீட்டர் போகும், யுஎஸ்பி வகை ஒயர் அந்தத் தூரத்துக்குச் சரிவராது. திருகி இறுக்கும் நாலு முனை இணைப்பான் உள்ள, நீண்ட ஒயரிலும் படத்தை அனுப்பும் ஏஎச்டி கேமராக்கள் இதற்கென்றே இருக்கின்றன. நான்கு பக்கமும் வேண்டும் என்றால் டாஷ்கேமை மறந்துவிட்டு, எம்டிவிஆர் என்று சொல்லும் பதிவுப்பெட்டியை வாங்குவதே சரி: நான்கு அல்லது எட்டு கேமரா, பூட்டக்கூடிய பெட்டி, அதிர்வு தாங்கும் சேமிப்பு. டிரெய்லர் கழன்று மாறும் வண்டியில் கேபினுக்கும் டிரெய்லருக்கும் இடையிலான சுருள் ஒயரும் அதன் இணைப்பானும்தான் முதலில் பழுதாகும் இடம். ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள்.

படி 8: பொருத்துவது

இடம்: பின்னால் வருவதைப் பார்க்கும் உள்கண்ணாடிக்குப் பின்னால், பயணி பக்கமாக, வைப்பர் துடைக்கும் எல்லைக்குள். வண்டியின் சொந்த ஏடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் பாதுகாப்பு அமைப்பு) கேமராவை மறைக்கக் கூடாது. விளிம்பில் உள்ள கறுப்புப் புள்ளிகள் மேல் ஒட்டினால் பிடிப்பு பாதிதான். வெப்பம் தடுக்கும் உலோகப் பூச்சுக் கண்ணாடி என்றால் ஜிபிஎஸ் தடுமாறும். அதற்கென்று உள்கண்ணாடி அருகே பூச்சில்லாத பகுதி விட்டிருப்பார்கள், அங்கே வையுங்கள்.

ஒட்டுவதற்கு முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கண்ணாடியைத் துடையுங்கள். கண்ணாடி கிளீனரில் சில வகை மெழுகுப் படலம் விடும், ஒட்டு பிடிக்காது. தாங்கியை 30 நொடி அழுத்திப் பிடித்துவிட்டு, ஒரு நாள் கழித்துக் கேமராவை மாட்டுங்கள். நிரந்தரமாக ஒட்டும் முன் டேப்பால் தற்காலிகமாக நிறுத்தி, போனில் படத்தைப் பார்த்துக் கோணத்தை முடிவு செய்வது நல்லது. அடிவானம் படத்தின் நடுவில் அல்லது சற்று மேலே வர வேண்டும். வானம் பாதியை அடைத்தால் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துச் சாலையை இருட்டாக்கிவிடும்.

ஒயரைக் கூரை லைனிங்குக்குள் செருகி, பக்கத் தூண் வழியே இறக்குவது வழக்கம். அந்தத் தூணுக்குள் கர்டன் ஏர்பேக் (பக்கவாட்டில் திரைபோல விரியும் காற்றுப்பை) மடித்து வைத்திருக்கலாம். ஒயர் ஏர்பேக்கின் பின்புறமாகத்தான் போக வேண்டும். முன்னால் குறுக்கே போனால் அது விரியும்போது ஒயரும் கிளிப்பும் முகத்தை நோக்கி வரும். மூடியைக் கழற்றிப் பார்க்கத் தைரியம் இல்லையென்றால் இந்த ஒரு வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

படி 9: திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் சோதனை

மாட்டியாகிவிட்டது, விளக்கு எரிகிறது என்பது சோதனை அல்ல. பதிவு ஓடும்போதே மின் ஒயரைப் பிடுங்குங்கள். கடைசிக் கோப்பு திறக்கிறதா, பிடுங்கிய நொடிக்கு ஓரிரு நொடி முன்புவரை இருக்கிறதா? இதை மூன்று முறை செய்யுங்கள். தோற்றால் கேமராவைத் திருப்பிவிடுங்கள், வேறு சோதனை தேவையில்லை.

அடுத்து, ஒரு கோப்பு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தைப் பாருங்கள். திரையில் ஓடும் கடிகாரத்தில் நொடிகள் விட்டுப்போயிருந்தால் அந்த இடைவெளியில் விபத்து நடக்கவும் வாய்ப்பு உண்டு. ஒரு நொடிக்குள் இருந்தால் ஏற்கலாம். சாவி திருப்பியதிலிருந்து பதிவு தொடங்க எத்தனை நொடி ஆகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல மதிய வெயிலில் இரண்டு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்து கிளப்பி, உடனே பதிகிறதா என்று பாருங்கள். கார்டு ஒரு முறை முழுதாக நிறைந்து, பழைய கோப்பு அழிந்து புதியது வந்திருப்பதைக் கண்ணால் பார்க்கும்வரை கேமராவை நம்ப வேண்டாம். கார்டை உருவிவிட்டுக் கிளப்பினால் அது சத்தம் போட்டு எச்சரிக்க வேண்டும். வாய் திறக்காத கேமரா, கார்டு செத்த நாளிலும் வாய் திறக்காது.

வைஃபையின் ஆரம்பக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். ஒரே மாதிரி எல்லாக் கேமராவுக்கும் ஒரே கடவுச்சொல் வருவது உண்டு.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2018-இல், டாஷ்கேம் பதிவை விபத்து வழக்கில் சாட்சியாக ஏற்கலாம் என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், காரணமின்றித் தொடர்ந்து பதிவது தனியுரிமைச் சட்டத்துக்கு முரண் என்றும் சொன்னது. பயணிகளின் பேச்சைப் பதிவதற்குப் பல இடங்களில் அவர்கள் சம்மதம் வேண்டும். எல்லை தாண்டி ஓடும் லாரிகள் ஒவ்வொரு நாட்டின் விதியையும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 10: மோதல் நடந்துவிட்டால்

ஜி சென்சார் பூட்டியிருக்கும் என்று நம்பாமல் பூட்டும் பட்டனைக் கையாலும் ஒரு முறை அழுத்துங்கள். மெதுவாக உரசிவிட்டுப் போகும் வண்டிக்கெல்லாம் சென்சார் விழிக்காது. காயம்பட்டவர்களைக் கவனித்த பிறகு, கேமராவை முறையாக அணைத்து, விளக்கு முழுக்க அணைந்ததும் கார்டை எடுங்கள். ஓடும்போதே உருவினால் கடைசிக் கோப்பு போய்விடும். கார்டை எடுக்காமல் அதே வண்டியில் வீடு வரை ஓட்டினால் பூட்டாத முந்தைய கோப்புகள் அழிந்துகொண்டே வரும். மோதலுக்கு முந்தைய பத்து நிமிடம், எதிராளி எப்படி ஓட்டி வந்தார் என்று காட்டுவது, அவற்றில்தான் இருக்கிறது.

கோப்பை வெட்டாமல், வேறு வடிவத்துக்கு மாற்றாமல், அப்படியே இரண்டு இடத்தில் நகலெடுங்கள். வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், பிளேட் எழுத்துகள் கரைந்துபோகும். காப்பீட்டுக்கோ காவல் நிலையத்துக்கோ கொடுப்பது நகலாக இருக்கட்டும். அசல் கார்டை ஒரு உறையில் போட்டுத் தேதி எழுதி எடுத்து வைத்துவிட்டு, கேமராவில் புதுக் கார்டு போட்டு, அதிலேயே ஃபார்மேட் செய்து, பதிவு தொடங்கியதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.